பாதயாத்திரையும் பகுத்தறிவாளனும்

கடவுளை நம்பாதவன், கடவுளைத் தேடிச் சென்றோர் நடந்த பாதையிலே நடக்கலாமா?

விளையாட்டுக் கேள்வி அல்ல இது. வீண் கேள்வியும் அல்ல. யாத்திரை என்பது இன்று பக்தர் கைப்பொருளாக மட்டும் இல்லை. அது விடுமுறைப் பொழுதுபோக்காகிவிட்டது. விலை குறிக்கப்பட்ட சரக்காகவும் ஆகிவிட்டது. ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையிலே சாந்தியாகோ என்றோர் ஊர். ஏசுவின் சீடர் ஒருவரின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பி, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஐரோப்பாவின் நாலா திக்கிலிருந்தும் மக்கள் கால்நடையாகச் சென்ற ஊர். அந்த யாத்திரைப் பாதையை, பண்பாட்டுப் பாதை என்று 1987-இல் ஐரோப்பியப் பேரவை அறிவித்தது. 100 கிலோமீட்டரையேனும் நடந்து முடித்தவருக்கு அங்கே சான்றிதழ் தருகின்றனர். 2024-ஆம் ஆண்டில் மட்டும் அதனைப் பெற்றவர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர்.

சான்று தருமிடத்திலே ஒரு கேள்வியும் உண்டு: எதற்காக நடந்தாய்? பக்திக்காக என்றால் ஒரு தாள். பக்திக்காக அல்ல என்றால் வேறொரு தாள். நடந்த தூரம் ஒன்றே, காலிலே கண்ட கொப்புளமும் ஒன்றே. தாள் மட்டும் இரண்டு!

அந்தப் பாதையிலே நடக்கவிரும்புவோருக்குத் துணை செய்யப் பயண நிறுவனங்கள் பல முளைத்துள்ளன. சிறு குழுவாக நடக்கலாம். முன்னே வழிகாட்டி செல்வார். மூட்டை முடிச்சுகளை வண்டி ஏற்றிச் செல்லும். மாலையிலே விடுதி காத்திருக்கும். வெந்நீரும் மெத்தையும் இருக்கும். யாத்திரை, ஆனால் வேதனை இல்லாத யாத்திரை!

எங்கோ ஐரோப்பாவிலே நடப்பது நமக்கெதற்கு என்று இருந்துவிட முடியவில்லை. நெய்வேலி நகரியத்தின் அண்டை ஊர் வடலூர். வள்ளலார் பிறந்த மருதூர், அவர் வாழ்ந்த கருங்குழி, சாலையும் சபையும் கண்ட வடலூர், அவர் வாழ்வின் இறுதி நாட்களைக் கண்ட மேட்டுக்குப்பம் ஆகிய நான்கும் நம் கடலூர் மாவட்டத்து ஊர்களே. கால்வலுவுள்ள இளைஞன் நடந்தே கண்டு வரலாம். "வழி அறிந்தவர் ஒருவருடன், சிறு குழுவாக, விடுமுறையிலே நடந்து பார்ப்போமே" என்கின்றனர் நண்பர் சிலர். "தைப்பூசத்துக்குப் பக்தர் கூட்டம் போகிற வழி, சுயமரியாதைக்காரனுக்கு அங்கே என்ன வேலை?" என்கின்றனர் வேறு சிலர். இரு சாராரும் நம்மவரே. ஆகவேதான் இதனைப் பொறுமையுடன் ஆராய வேண்டியிருக்கிறது.

"நம்பிக்கை இல்லாதவனுக்குப் பாதையிலே உரிமை இல்லை" என்கிறார் பக்தர். "நம்பிக்கை இல்லாதவன் அப்பாதையிலே நடப்பது இழுக்கு" என்கிறார் நம் தோழர். எதிரும் புதிருமாக நிற்கும் இருவரும் ஒன்றிலே உடன்படுவதைக் கவனியுங்கள்! பாதை, பகவானுடைய சொத்து என்பதை இருவருமே ஒப்புக்கொண்டுவிட்டனர். ஒருவர் வேலி கட்டிக் காக்கிறார். மற்றவர் வேலிக்கு வெளியே நின்று வெறுக்கிறார். வேலி எப்படி வந்தது என்று கேட்பார் இல்லை.

பாதையைப் போட்டது யார்? ஆண்டவன் மண்வெட்டி எடுத்து வந்து வழி வெட்டியதாக எந்தப் புராணமும் கூறவில்லை. பழநிக்குச் செட்டிநாட்டிலிருந்து ஆண்டுதோறும் காவடியுடன் நடக்கின்றனர் நகரத்தார். அந்த நடையின் தொடக்கத்தை அவர்தம் மரபே எப்படிக் கூறுகிறது? உப்பு வணிகத்துக்காகச் சென்றவர்களிடமிருந்து தொடங்குகிறது! முதலில் சென்றது உப்புப் பொதி; பிறகு சென்றது காவடி. இராமேசுவரம் செல்லும் வழியிலே தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினர். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி காலத்து முத்தம்பாள் சத்திரம் இன்றும் ஒரத்தநாட்டிலே நிற்கிறது. கல் சுமந்தவன் தொழிலாளி. நெல் விளைத்தவன் உழவன். உலை வைத்தவள் ஓர் ஏழைப் பெண். மாட்டுக்குத் தொட்டி, மனிதனுக்குத் திண்ணை, சுமை இறக்கச் சுமைதாங்கிக் கல், தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் என்று வழிநெடுக இருந்தவை யாவும் மனிதன் மனிதனுக்காகச் செய்தவை. போய்ச் சேருமிடத்திலே கடவுள் இருந்தாரோ இல்லையோ, போகும் வழியிலே மனிதன் இருந்தான்! அவன் உழைப்பிலே பிறந்த பாதை நமக்கும் பாட்டன் சொத்து. அதனைப் பக்தருக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது கொள்கை உறுதி ஆகாது. உரிமையை வீணே விட்டுக்கொடுப்பதே ஆகும்.

இப்படிக் கூறுவதாலே பழைய பாதையெல்லாம் பாலும் தேனும் ஓடிய பாதை என்று பாராட்டப் புறப்பட்டுவிட்டோம் என எண்ணிவிடாதீர்கள். பாட்டன் சொத்திலே பழியும் உண்டு. சத்திரத்திலே சோறு இருந்தது. சோற்றுப் பந்தியிலே சாதி இருந்தது. வழி இருந்தது, வழியிலே வருணம் காவல் நின்றது.

நந்தன் கதை நாமறிந்ததே. ஆதனூரிலே புலையனாகப் பிறந்தவன், தில்லைக்குச் செல்ல விரும்பினான். நாளை போவேன், நாளை போவேன் என்று நாளைக் கடத்தினான். அதனாலேயே திருநாளைப்போவார் என்று அவனுக்குப் பெயரும் இட்டனர். கால் இல்லாதவனா அவன்? வழி தெரியாதவனா? இரண்டும் இருந்தன, நடக்கும் உரிமைதான் இல்லை. நடந்து சேர்ந்த பிறகும், நெருப்பிலே மூழ்கித்தான் உள்ளே போக முடிந்தது என்கிறது பெரியபுராணம். பக்தர்கள் அதைக் கேட்டுக் கண்ணீர் வடிக்கின்றனர். நாம் கேட்பது இதுதான்: மற்றவர் நடந்து நுழைந்த வாசலிலே, அவன் ஒருவன் மட்டும் ஏன் தீயிலே குளிக்கவேண்டும்?

புராணம் போகட்டும், வரலாற்றுக்கு வருவோம். 1924 மார்ச் 30-இல் வைக்கத்திலே தொடங்கிய போராட்டம் எதற்காக? கருவறைக்குள் நுழைவதற்கா? அல்ல; கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களிலே நடப்பதற்கு! நாயும் மாடும் நடந்த தெருவிலே மனிதன் நடக்கக்கூடாது என்றனர். அங்கே சென்ற பெரியார் இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையார் பெண்களைத் திரட்டிக்கொண்டு களம் புகுந்தார். நடப்பதற்காக, வெறும் நடப்பதற்காக, இருபது மாத காலம் போராட வேண்டியிருந்தது இந்த நாட்டிலே!

அதுவும் பழங்கதை என்பீரோ? மதுரை மாவட்டத்து உத்தப்புரத்திலே, ஒடுக்கப்பட்ட மக்களின் வழியை மறித்து நின்ற சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது 2008 மே 6-இல். சபரிமலைக்கு எல்லா வயதுப் பெண்களும் செல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 28-இல் தீர்ப்பளித்த பின்னரும், மலையேறும் வழியிலேயே பெண்கள் மறிக்கப்பட்டனர். சன்னிதிக்கு முன்பே சண்டை. சாமிக்கு முன்பே சாலையிலே தடை. ஆகவே, யாத்திரைப் பாதையிலே நடக்கும் எவனும், 'இது எங்கே போகிறது?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'இதிலே யார் நடக்கக்கூடாது என்று இருந்தது?' என்றும் கேட்டாகவேண்டும். கேட்காமல் நடப்பவன், கைநிறையப் பணம் கொடுத்துச் சென்றாலும், கண்ணைக் கட்டிக்கொண்டு சென்றவனே.

நடை என்பது நம் இயக்கத்துக்குப் புதிதன்று. 1938-இல் பள்ளிகளிலே கட்டாய இந்தி புகுத்தப்பட்டபோது, ஆகஸ்ட் 1-இல் திருச்சியிலிருந்து ஒரு படை புறப்பட்டது. குமாரசாமிப் பிள்ளை தலைமை தாங்கினார். பட்டுக்கோட்டை அழகிரி தளபதியாக நடந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உடன் நடந்தார். 42 நாட்கள்! ஊர் ஊராக நின்று, உண்மையை உரைத்து, செப்டம்பர் 11-இல் சென்னை சேர்ந்தபோது கடற்கரையிலே மக்கள் கடலெனத் திரண்டனர். 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த வீரர்களுக்குப் போய்ச் சேரும் இடத்திலே தெய்வம் இல்லை, திருநீறு இல்லை, புண்ணியம் என்ற வரவுக் கணக்கு இல்லை. எனினும் நடந்தனர். ஏன்? இரயிலேறிப் போயிருந்தால் ஒரே நாளில் சென்னை சேர்ந்திருப்பர். இடையிலிருந்த ஊர்கள் அவர்களைக் கண்டிரா, அவர்களும் அவ்வூர்களைக் கண்டிரார். நடந்து சென்றதாலே வழியே மேடையாயிற்று, வழியிலிருந்தோரே இயக்கமாயினர்.

நடையின் பயன் முடிவிலே இல்லை, வழியிலே இருக்கிறது; நாம் கூற விரும்புவது இதுவே. பக்தன் முடிவை எண்ணி வழியைப் பொறுத்துக்கொள்கிறான். நாமோ வழிக்காகவே நடக்கிறோம். அப்படியானால் பாதையை உற்றுப் பார்க்கும் கடமை, பக்தனைவிட நமக்கே மிகுதி!

இனி, விலை கொடுத்து நடக்கும் குழு நடையை எடுத்துக்கொள்வோம். எடுத்த எடுப்பிலேயே ஏளனம் செய்வது நேர்மை அன்று. தனியே வெளியூர் செல்ல அஞ்சும் பெண், குழுவுடன் அச்சமின்றிச் செல்கிறாள். வழியோர ஊரிலே இட்டலிக் கடை வைத்திருப்பவருக்கு நாலு காசு கிடைக்கிறது. நாற்காலியிலே நாளெல்லாம் அமர்ந்திருக்கும் எழுத்தருக்கும், இயந்திரத்தின் இரைச்சலிலே இருக்கும் தொழிலாளிக்கும், காற்றும் வெளியும் கிடைக்கின்றன. இன்பமாக நடப்பது குற்றம் என்று கூறுவதற்கு நாம் சாமியார்களா? உடலை வருத்தினால் உயர்வு வரும் என்ற கோட்பாடு அவர்களுடையது. நமக்கு வேண்டாம் அது.

ஆயினும் மூன்று கேள்விகளுக்கு விடை கூறிவிட்டுத்தான் அந்த நடை புறப்படவேண்டும்.

முதற் கேள்வி: சுமை யார் தோளில்? சபரிமலையிலே டோலி என்று ஒன்று உண்டு. நாற்காலியிலே ஒருவர் அமர்ந்திருப்பார்; நால்வர் தூக்கிக்கொண்டு மலை ஏறுவர். ஏறியவர் நால்வர், தரிசித்தவர் ஒருவர். புண்ணியம் எவர் கணக்கிலே? நோயாளியையும் முதியவரையும் தூக்கிச் செல்வதிலே தவறில்லை. அது மனிதத் தொண்டு. ஆனால் வலுவுள்ளவன் தன் மூட்டையை வறியவன் தலையிலே ஏற்றிவிட்டு, 'நான் நடந்தேன்' என்று மார்தட்டுவது, பிறன் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்வதாகும். வண்டி வைப்பதானால் வையுங்கள். ஓட்டுபவருக்கு உரிய கூலி கொடுங்கள். மாலையிலே அவரையும் உங்கள் பந்தியிலே அமர்த்துங்கள். அவர் வெளியே நின்று உண்ண, நீங்கள் உள்ளே அமர்ந்து சமத்துவம் பேசினால், பழைய சத்திரத்துக்கும் உங்கள் விடுதிக்கும் என்ன வேறுபாடு?

இரண்டாம் கேள்வி: வழிகாட்டி யார்? வழிகாட்டியே கூடாது என்போம் அல்லோம். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதே அறிவு. ஆனால் வழிகாட்டிக்கும் பூசாரிக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடக்கூடாது. பூசாரி, 'நம்பு' என்கிறான். நல்ல வழிகாட்டி, 'பார்' என்கிறான். பூசாரியை ஏன் என்று கேட்டால் சினம் வரும். வழிகாட்டியை ஏன் என்று கேட்டால் விளக்கம் வரவேண்டும். கதையைக் கதை என்றும், வரலாற்றை வரலாறு என்றும் பிரித்துக் கூறும் துணிவு இல்லாதவர், கழுத்திலே அடையாள அட்டை தொங்கவிட்டிருந்தாலும், பூணூல் இல்லாத புரோகிதரே.

மூன்றாம் கேள்வி: கண் எங்கே? கோபுரத்தைப் பார்க்கும் கண், கோபுரத்தடியிலே குந்தியிருப்பவனைப் பார்க்கிறதா? வழியோர மக்களைப் படம்பிடித்துக்கொண்டு போவது எளிது. அவர்கள் கூலி எவ்வளவு, பள்ளி எவ்வளவு தூரம், கிணற்றிலே நீர் உண்டா, சுடுகாட்டுக்கு வழி உண்டா என்று கேட்பது அரிது. கேட்காத நடை, கால்களுக்கு மட்டும் பயிற்சி, கருத்துக்கு இல்லை.

இம்மூன்றையும் நம் அண்டைப் பாதையிலே வைத்துப் பார்ப்போம். மருதூரிலே 1823-இல் பிறந்தார் இராமலிங்கர். அங்கிருந்து கருங்குழி. தண்ணீர் ஊற்றி விளக்கு எரித்தார் என்ற கதையை அங்கே கூறுவர். பகுத்தறிவுள்ள வழிகாட்டி அதை மறைக்கவும் வேண்டாம், கேலி செய்து மகிழவும் வேண்டாம். 'இப்படி ஒரு கதை உண்டு; தண்ணீர் எரியாது என்பது நீங்கள் பள்ளியிலே படித்தது' என்று கூறிவிட்டு, 'வாருங்கள், உண்மையிலேயே எரியும் ஒரு நெருப்பைக் காட்டுகிறேன்' என்று வடலூருக்கு அழைத்துச் செல்லட்டும்.

வடலூரிலே 1867 மே 23-இல் தருமசாலையைத் தொடங்கினார் வள்ளலார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிகிறது. பசித்து வந்தவருக்குச் சோறு போடப்படுகிறது. அற்புதம் என்றால் அதுவன்றோ அற்புதம்! வானத்திலிருந்து யாரும் அரிசி கொட்டவில்லை. விறகு வெட்டியவர், நெல் கொடுத்தவர், சோறு வடித்தவர் என்று தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் காத்த நெருப்பு அது. 1872 சனவரி 25-இல் ஞானசபையிலே சோதி வழிபாடு தொடங்கிற்று. சபைக்குள் நுழையப் புலால் மறுத்தவராக இருக்கவேண்டும் என்ற விதி உண்டு. அது நமக்கு உடன்பாடல்ல. உணவைக் கொண்டு மனிதனை அளப்பதை ஒப்போம். ஆனால் சாலைக்கு அந்த விதி இல்லை. அங்கே பசி ஒன்றே தகுதி. என்ன சாதி, எந்தச் சமயம், என்ன தின்பவன் என்று கேளாமல் இலை போட்ட இடம் சபை அன்று, சாலையே! திரை விலகும்போது தெரியும் சோதியைக் காண இலட்சக்கணக்கானோர் முண்டியடிக்கின்றனர். அருகிலேயே திரையே இல்லாமல் எரியும் அடுப்பை எத்தனை பேர் உற்றுப் பார்க்கின்றனர்?

அடுத்தது மேட்டுக்குப்பம். 1873 அக்டோபரிலே அங்கே கொடியேற்றி, சாதி சமயப் பற்றுகளை விடுமாறு பேசினார் வள்ளலார். 1874 சனவரி 30-இல் அறைக்குள் சென்று கதவடைத்தார். பின்னர் அவரை எவரும் காணவில்லை. கதவுக்குப் பின்னால் நடந்தது என்ன என்று இன்றுவரை ஆயிரம் வாய் பேசுகிறது. கதவடைக்கு முன்னால் அவர் பேசியது என்ன என்று பேசும் வாய் எத்தனை? சாதியை விடு என்றவரைச் சோதியாக்கிவிட்டால், சாதியை விடாமலேயே கும்பிட்டுவிட்டுப் போகலாமல்லவா! வைதீகத்தின் கைவரிசை அது.

இத்துடன் நடை முடிந்தது என்று வண்டி ஏறிவிடலாமா? பாதையிலிருந்து சற்றே விலகிச் சேத்தியாத்தோப்புப் பக்கம் நடந்தால் வளையமாதேவி. 2023 சூலைத் திங்களில், சுரங்க விரிவுக்கான கால்வாய் வெட்ட, விளைந்துகொண்டிருந்த நெற்பயிரின் மீதே மண்வாரி இயந்திரங்கள் இறங்கிய ஊர். நிலம் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். கண்முன்னே பயிர் புரண்டதைக் கண்டு கதறினர் உழவர். வாடும் பயிரைக் கண்டு வருந்திய ஒருவரின் வழி என்று பெயர் சூட்டி நடப்போர், இந்த வயலின் வரப்பிலே நில்லாமல் போனால், அது எந்த வழி?

நெய்வேலியிலே இருந்துகொண்டு இதனை எழுதுவது நமக்கு எளிதன்று. 1956-இல் இங்கே நிறுவனம் தோன்றிற்று; 1957 மே 20-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதன்பின் எத்தனை வீட்டிலே விளக்கு எரிந்தது, எத்தனை ஏழை வீட்டுப் பிள்ளை படித்து முன்னேறினான் என்பதை அறியாதவர் அல்லோம். மின்சாரம் வேண்டாம் என்று கூறும் பழமைவாதமும் நம்முடையதன்று. ஆனால் சுரங்கம் வெட்டப்பட்ட இடத்திலே ஊர்கள் இருந்தன. ஊருக்கு ஊர் ஒற்றையடிப் பாதை இருந்தது. அந்தப் பாதையிலே நடந்த கால்கள் வேறிடம் தேடிச் சென்றன. கோயிலுக்குப் போகும் பழம்பாதையைப் பாதுகாக்க உலகெங்கும் அவைகள் கூடுகின்றன, பட்டயம் வழங்குகின்றன. வயலுக்குப் போன பாதைக்குப் பட்டயம் கொடுத்தவர் யார்? பக்தன் நடந்தால் அது பாரம்பரியம். உழவன் நடந்தால் அது வெறும் வரப்பு என்றா கணக்கு?

ஆகவே, நம் விடை இது. நடக்கலாம், நடக்கவேண்டும். பக்தன் போல் நடிக்காமல் நடப்போம். அவன் கண்மூடி நிற்கும்போது அவனை இகழாமல் அருகே நிற்போம். அவன் கேட்டால் நம் கருத்தை மறைக்காமல் கூறுவோம். வலுவுள்ளவர் தம் மூட்டையைத் தாமே சுமப்போம். சாலையிலே சோறு உண்டால், உண்டு எழுந்து பாத்திரம் கழுவுவோம். பந்தியிலே இலை எடுப்போம். வழியோர ஊரிலே, 'இங்கே உங்களை நடக்கவிடாத தெரு உண்டா?' என்று கேட்போம். உண்டு என்று விடை வந்தால், அன்றைய நடையை அங்கேயே நிறுத்திக்கொண்டு, அவர்களுடன் அந்தத் தெருவிலே நடப்போம். அன்று நாம் மேட்டுக்குப்பம் போய்ச் சேராமலிருக்கலாம், இழப்பு ஏதுமில்லை.

எதற்காக நடந்தாய் என்று கேட்டு இரண்டு தாள் வைத்திருக்கிறார்களே, அங்கே மூன்றாவதாக ஒரு விடைக்கு இடமில்லை. நம்மை யாரேனும் கேட்டால் கூறுவோம்: பக்திக்காகவும் அல்ல, பொழுதுபோக்காகவும் அல்ல, இந்த வழியிலே நடக்கவிடாமல் தடுக்கப்பட்டவன் ஒருவன் இருந்தான், இன்றும் இருக்கிறான், அவனைத் தேடி நடந்தோம் என்று. நந்தனை நாளை என்று சொல்லிச் சொல்லிக் காக்கவைத்தது நாடு. இளைஞர்களே, அவனுக்காக நடப்பதை நாமும் நாளைக்கு என்று ஒத்திப்போடலாகாது.